நான் அடித்த மிஸ்ட் கோல் எங்கே போனது?

சென்ற ஆண்டு குளிர்காலத்தில் நடந்தது இது. ஆஸ்திரேலியாவில், மெல்பன் நகரின் மேற்கே வெரிபீயில், நானும் என் கணவரும் சேர்ந்து வாங்கிய வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் கொஞ்சம் அடம்பிடிக்கும். மற்றபடி சமையல், தோட்டம், கடை, கோயில் எல்லாம் நானேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவது, என்னை எப்படி மறதிக்காரி ஆக்கினார்கள் என்ற கதை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வயதானவர்களின் வீட்டுக்கு உதவியாளர் அனுப்பும் சிறிய நிறுவனம் ஒன்று நகரின் மறுபக்கத்தில், ஸ்பிரிங்வேலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் நடத்துகிறார். அவர்கள் அனுப்பும் பெண் ஒருத்தி வாரம் ஒருமுறை வந்து வீடு கூட்டி, குளியலறை கழுவித் தருவாள். அதோடு இன்னோர் ஏற்பாடும் உண்டு. தனியாக இருப்பவர்கள் காலையில் எழும்பியதும் அலுவலகத்துக்கு ஓர் அழைப்புக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் அவர்கள் எடுத்து விசாரிப்பார்கள். யாராவது விழுந்து கிடந்தால் தெரிய வேண்டும் அல்லவா? நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் தினமும் காலையில் தேநீர் குடிக்கும் முன்பே 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று யாரோ ஒருத்திக்கு ஒப்புவிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கு வழி சொன்னவர் எங்கள் முதியோர் சங்கத்துக்கு வரும் ஓர் அங்கிள். என்னைவிட வயதில் மூத்தவர், அவரும் வெரிபீயில் தனியாகத்தான் இருந்தார். சங்கத்தில் அவர் வாய் திறந்தால் எல்லோரும் சிரிப்போம்.

"கோல் எடுத்தா அந்தப் பிள்ளை குளிசை போட்டாச்சோ, சாப்பிட்டாச்சோ எண்டு விசாரணைக் கமிஷன் வைக்கும். ஒரு மணி அடிச்சிட்டு வை பிள்ளை. சீவன் இருக்கெண்டு அவையளுக்கு விளங்கும்," என்றார்.

மறுபக்கம் எடுக்கும் முன்பே துண்டித்துவிடும் மிஸ்ட் கோல், அதுதானே நம்முடைய வழக்கம்! ஒரு மணி அடித்து வைத்தால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு தரம் அடித்தால் திரும்ப எடு. நம் ஆட்களில் மிஸ்ட் கோலிலேயே குடும்பம் நடத்தியவர்கள் எத்தனை பேர்! அலுவலகத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் எண் அவர்களுடைய திரையில் விழும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைத்ததும் ஒரு மணி அடித்து வைப்பேன். ஒருநாளும் தவறியதில்லை. ஓய்வு பெறும்வரை மருந்துக்கடையில் வேலை செய்தவள் நான். ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தேன் என்ற பேச்சே என்மேல் வந்ததில்லை.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அலுவலகத்தார் பழைய தொலைபேசி இணைப்பை விட்டுவிட்டு இணையத் தொலைபேசிக்கு மாறினார்கள். மாறியதிலிருந்தே பேசுவது பெரும் பாடாகிப்போனது. அவர்களுடைய குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல வரும். நான் சொல்லும் வசனத்தின் தலை போய்ச் சேரும், வால் போய்ச் சேராது. எனக்கென்ன, ஒரு மணி அடித்து வைப்பவள்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு ஒரு காலை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்களுடைய விடயங்களைக் கவனிக்கும் பெண், தமிழ்நாட்டுப் பிள்ளை. அருமையான குணம், பேச்சில் தேன் ஒழுகும்.

"ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு உங்க மிஸ்டு கால் வரலையே?"

"நான் அடிச்சனான் பிள்ளை."

"இல்ல ஆன்ட்டி, ஸ்கிரீன்ல இல்லையே. பரவால்ல, மறந்திருப்பீங்க."

மறுநாளும் அதே பேச்சு. அதற்கடுத்த நாளும் அதேதான். நான் அடித்தேன் என்பேன், வரவில்லை என்பாள். "பரவால்ல ஆன்ட்டி" என்று அவள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். இரக்கப்பட்டால் என்ன செய்வது?

அடுத்த வாரம் அவள் சும்மா பேசுவதுபோல எடுத்து, இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கத் தொடங்கினாள். எனக்கு விளங்காதா இது எதற்கென்று? பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன இணைப்பில் நான் சொன்னது போய்ச் சேரவே நேரம் எடுத்தது. நான் 'வியாழன்' என்பேன். அந்தப் பக்கம் மௌனம். பிறகு, "ஆன்ட்டி, இன்னைக்கு என்ன கிழமை?" என்று மறுபடி கேட்பாள். நான் மறுபடி சொல்லும்போது என் முதல் பதில் அங்கே போய் இறங்கும், இரண்டும் மோதும். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். நான் தொடங்கினால் அவளும் தொடங்குவாள். கடைசியில் ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அது மட்டும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு நாளில் சிட்னியிலிருந்து மகன் எடுத்தான். அவனுடைய குரலில் ஒரு புது மென்மை. சிறு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பேசுவோமே, அப்படி.

"அம்மா, ஒஃபிஸிலை இருந்து கதைச்சவை. நீங்கள் காலமை கோல் எடுக்க மறக்கிறீங்களாம். கேட்டாலும் லேட்டாத்தான் மறுமொழி சொல்லுறீங்களாம். கோவமும் வருதாம்."

"கோவம் வராமல் என்ன செய்யும்? அவையின்ரை ஃபோன் சரியில்லை."

"அம்மா, அவை ஒரு பிஸினஸ் நடத்தினம். ஃபோன் சரியில்லாமல் நடத்துவினமோ?"

அவனோடு வாதாடிப் பார்த்தேன், பயனில்லை. அந்த வார இறுதியிலேயே விமானம் ஏறி வந்து இறங்கினான். என் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினேன். இதோ பார், ஒவ்வொரு காலையும் அந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறேன். அவன் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் பேசிய நேரம் பூச்சியம் என்று இருப்பதால் அழைப்புப் போகவே இல்லை என்றான். நான் மணி அடிக்க முன்பே நிறுத்திவிடுகிறேனாம். மிஸ்ட் கோல் என்றால் பூச்சியமாகத்தான் இருக்கும் மடையா என்று எனக்கு வாய்வரை வந்தது. சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்தவன். ஒரு மணி அடித்து வைக்கும் வாழ்க்கையை அவன் வாழவில்லை.

அன்று பின்னேரம் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கே என்று கேட்டால், "சும்மா பார்த்திட்டு வருவம் அம்மா," என்றான். போய் நின்ற இடம் ஒரு முதியோர் இல்லம். நல்ல கட்டடம், கண்ணாடிக் கதவு. உள்ளேயிருந்து அதைத் திறக்க ஒரு குறியீட்டு எண்ணை அழுத்த வேண்டும், அந்த எண்ணை அங்கே வசிப்பவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். ஒரு கட்டில், ஒரு கதிரை, வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்த ஒரு யன்னல். நான் சமைக்கும் குசினி எங்கே, என் கறிவேப்பிலைச் செடி எங்கே? வீட்டை வாடகைக்கு விடுவது பற்றி மகன் ஏற்கெனவே யோசித்திருக்கிறான் என்பது திரும்பி வரும் வழியில் தெரிந்தது. நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசினால், கோபம் வருகிறது என்று அதையும் என் நோய்க் கணக்கில் சேர்ப்பார்கள்.

அவன் சிட்னிக்குத் திரும்பிய பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. நானே என்னைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். அடித்தேனா, அடித்ததாக நினைத்தேனா? கேத்தில் கொதிக்கும்போது தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றிருக்கிறேன். என் தலைக்குள் இருப்பதை நானே நம்பாமல் போன அந்த நாட்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒரு காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்கு மிஸ்ட் கோல் இல்லை, நேரே பேசி நாலு கேள்வி கேட்கிறேன் என்று அடித்துவிட்டுக் காத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே. அலுவலகத்தில் ஆள் இல்லைப் போலும் என்று வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் அந்தப் பிள்ளை எடுத்தாள்.

"ஆன்ட்டி, இன்னைக்கும் நீங்க கூப்பிடல."

"கூப்பிட்டன். கனநேரம் மணி அடிச்சது. நீங்கள்தான் எடுக்கேல்லை."

"இல்லையே ஆன்ட்டி. நான் காலைலேர்ந்து போன் பக்கத்துலயேதான் இருக்கேன். ஒரு ரிங்கூட வரல."

அந்த நொடியில் எனக்குப் பொறி தட்டியது. ஒரு மணியைத் தவறவிட்டிருக்கலாம். அத்தனை நேரம் அடித்த மணி ஒருத்தியின் மூக்குக்கு முன்னால் கேட்காமல் போகுமா? மறந்தது நான் இல்லை!

குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். நகருக்குள் போய் வேறு ரயில் மாறி ஸ்பிரிங்வேலில் இறங்கினேன். மழைத் தூறலில் சந்தைக்கடைகளைத் தாண்டி, ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் அவர்களுடைய அலுவலகப் படிகளை முழங்கால் கெஞ்சக் கெஞ்ச ஏறினேன். என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி! தனியாவா வந்தீங்க? வழி எப்படித் தெரிஞ்சுது?"

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "ட்ரெயினிலை ஏறினா அது கொண்டுவந்து விடும் பிள்ளை," என்றேன். உரிமையாளர் தம்பியும் உள்ளே இருந்து வந்தார். அவர்களுடைய மேசையில் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. அதற்கு நேரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என் கைத்தொலைபேசியை எடுத்து, அவர்கள் இருவரும் பார்த்திருக்க, அந்த எண்ணுக்கு அடித்து ஒலிபெருக்கியைப் போட்டேன்.

என் கையில் மணி அடிக்கிறது. மேசையில் இருந்த தொலைபேசி செத்த பாம்புபோலக் கிடக்கிறது. திரையில் எதுவும் விழவில்லை. நான் நிறுத்தவில்லை, அடிக்கவிட்டேன். அந்தப் பிள்ளை வாயில் கை வைத்துக்கொண்டாள். தம்பி தன்னுடைய கைத்தொலைபேசியில் அடித்துப் பார்த்தார். மேசைத் தொலைபேசி உடனே கிணுகிணுத்தது. என்னுடையதில் அடித்தால் மட்டும் மௌனம்.

தம்பி வியர்த்துப்போனார். பிறகு விடயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. புதிய தொலைபேசி பொருத்திய கொஞ்ச நாளிலேயே நாள் முழுக்கப் பேய் மணி அடித்ததாம். எடுத்தால் ஆள் இருக்காது. எங்கோ இருக்கும் கள்ளர்கள் இணையத்தில் இருக்கிற தொலைபேசிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்களாம், பூட்டாத கதவு எது என்று. இவர்களுடைய கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் தொலைபேசி நிறுவனம் பொருத்தும்போது போட்டுக் கொடுத்தது. கள்ளன் உள்ளே புகுந்து இவர்களுடைய எண்ணிலிருந்தே வெளிநாடுகளுக்கெல்லாம் பேசியிருக்கிறான். முறைப்பாடு செய்ததும் அந்த நிறுவனம் ஏதோ ஒரு பாதுகாப்பு வடிகட்டியைப் போட்டுவிட்டதாம். பேய் மணி குறைந்தது. அப்பாடா என்று இவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

"என்ன வடிகட்டி? அவையளிட்டைக் கேளும்," என்றேன்.

தம்பி ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைபேசி நிறுவனத்தை அழைத்தார். கனநேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒருவர் வந்தார். மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்றார் முதலில். பிறகு இன்னொருவரிடம் மாற்றினார். அவருடைய குரலோ வெட்டு வெட்டாக வந்தது. தொலைபேசி விற்கிறவர்களின் தொலைபேசி இந்த லட்சணம்! மூன்று தரம் திருப்பிக் கேட்டுத்தான் விளங்கியது. ஒரு மணியோடு துண்டித்துத் துண்டித்துத் திரும்பத் திரும்ப வரும் எண்களை வடிகட்டி தானாகவே கள்ள அழைப்பு என்று முடிவுசெய்து தடுத்துவிடுமாம். தடுக்கப்பட்டவருக்கு மட்டும் மணி அடிப்பதுபோலவே கேட்குமாம். ஏனென்றால் தடுத்தது கள்ளனுக்குத் தெரியக்கூடாதாம்.

என் பொறுமை அத்தோடு போய்விட்டது. மருந்துக்கடையில் பேசிய ஆங்கிலம் முழுவதும் திரும்பி வந்தது. காலையில் உயிரோடு எழும்பினேன் என்று மணி அடித்த கிழவியா உங்களுக்குக் கள்ளன்? தடுத்ததை ஏன் இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? எல்லா விவரமும் எங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது அம்மணி, வாடிக்கையாளர் பார்த்திருக்க வேண்டும் என்றார் அவர். நான் குளியலறையில் விழுந்து கிடந்து அடித்திருந்தால்? அதற்கும் இணையப் பக்கத்தையே காட்டினார். சரி, கள்ளன் புகுந்த கடவுச்சொல்லையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். தம்பி நிமிர்ந்து பார்த்தார். மாற்றவில்லை. அது வாடிக்கையாளரின் பொறுப்பாம்!

கள்ளன் வந்த கதவு திறந்தபடி கிடக்கிறது, என்னை வெளியே விட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

தடையை எடுக்கச் சொல்லித் தம்பி கேட்டார். "எந்த எண்ணுக்கு?" என்றது அந்தக் குரல். "எத்தனை எண் தடுத்திருக்கிறீர்கள்?" என்று நான் கேட்டேன். அவர் என் எண்ணோடு இன்னொரு எண்ணையும் வாசித்தார். அந்தப் பிள்ளை அதைக் கேட்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்ட்டி... அது நம்ம அங்கிள் நம்பர்."

மிஸ்ட் கோல் யோசனை சொன்னவர். கொஞ்ச நாட்களாக அவர் சங்கத்துக்கு வராதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் அடித்திருக்கிறார். இவர்களும் வரவில்லை என்றிருக்கிறார்கள். கிளேட்டனில் இருக்கும் அவருடைய மகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அப்பாவுக்கு மறதி கூடிவிட்டது என்று. மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வெரிபீ வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. கெட்டவள் இல்லைத்தான். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு பேர் "அடிச்சனான்" என்று சொல்கிறார்கள். இரண்டு பேருடைய மூளையையும் சந்தேகிக்கத் தோன்றியவளுக்கு, மேசையில் கிடந்த கறுப்புப் பெட்டியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லையே. அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அங்கிருந்தபடியே மகனுக்கு எடுத்தேன். தம்பியையே பேச வைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு மகன், "ஸொரி அம்மா," என்றான். "வீடு என்ரை பேரிலை இருக்கு. அது நினைவிருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் முதியோர் இல்லம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. தம்பி அந்தத் தொலைபேசி நிறுவனத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறினார், கடவுச்சொற்களையும் மாற்றினார். இப்போது காலையில் நான் அடித்தால் அந்தப் பிள்ளை எடுத்து, "வந்துடுச்சு ஆன்ட்டி," என்று சொன்ன பிறகுதான் வைக்கிறேன்.

அந்த வாரமே கிளேட்டனுக்குப் போனேன். அங்கிள் மகள் வீட்டு வரவேற்பறையில் இருந்தார். பேரப்பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில், விருந்தாளிபோல, கதிரையின் நுனியில். நடந்ததை எல்லாம் சொன்னேன். கள்ளனைச் சொன்னேன், வடிகட்டியைச் சொன்னேன், என் கைத்தொலைபேசியில் மணி அடித்துக் காட்டியதைச் சொன்னேன். மகள் முகம் வெளிறி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டினார்.

"உனக்கு அப்பிடி நடந்திருக்கும் பிள்ளை. நான் உண்மையிலேயே மறந்துதான் போனன்."

"இல்லை அங்கிள், உங்கடை நம்பரையும்தான் தடுத்தவங்கள்! நீங்கள் அடிச்சனீங்கள்!"

"எல்லாரும் சொல்லேக்கை பிழையா இருக்குமோ?" என்று சிரித்தார். சங்கத்தில் எங்களைச் சிரிக்கவைத்த சிரிப்பு இல்லை அது.

அவருக்கு இப்போது நான் தினமும் காலையில் எடுக்கிறேன். ஒரு மணியோடு வைப்பதில்லை, அவர் எடுக்கும்வரை அடிக்க விடுகிறேன். எடுத்ததும் அவர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "பிள்ளை, நான் உனக்கு அடிக்கவேணும் எண்டு இருந்ததோ?" இல்லை அங்கிள், நான்தான் அடிக்கவேணும் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். என் எண்ணுக்குப் போட்ட தடையை ஒரு நொடியில் எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த மனிதருக்குத் தன்மேல் வந்த சந்தேகத்தை யார் வந்து எடுப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், அந்தக் கோபம் எனக்கு ஆறக்கூடாது என்றே நினைக்கிறேன்.